இவங்க வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

கல்லூரி விட்டுத் திரும்பும் டவுன் பஸ்ஸில் என் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம் வர எங்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவள் கையிலிருந்த செல்பேசியில் டோக்கியோ நகரத்தின் ஹராஜுகு பகுதியைச் சுற்றிக்காட்டும் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. குடைபோல் விரிந்த பாவாடை, முழங்கால் வரை வரிபோட்ட காலுறை, ரோஸ் நிறத் தலைமுடி, அதில் பொம்மை பொம்மையாய் ஏழெட்டு கிளிப்புகள். அந்தப் பெண்கள் எதற்கும் அவசரப்படவில்லை. கடை கடையாய் நின்றார்கள். மடித்த தோசை மாதிரி ஒன்றை நடந்துகொண்டே தின்றார்கள். ஒருத்தியை ஒருத்தி படம் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் காணொளி.

பார்த்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்: “இவங்க வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா மேம்?”

அந்த உடை என்ன விலை, அந்த ஊருக்குப் போக எவ்வளவு ஆகும் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் இறங்கும் நிறுத்தம் வந்துவிட்டது. ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியும் இல்லை அது. அவளுக்கு நான் பட்ட கடனைத்தான் இந்தக் கட்டுரையில் அடைக்கப் பார்க்கிறேன்.

உலா போனவர்கள்

நான் தமிழ் படித்தவள். ‘சுற்றிப் பார்ப்பது’ என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உலா இலக்கியம். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலா தொடங்கி ஒட்டக்கூத்தரின் மூவருலா வழியாக நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த வகை அது. இறைவனோ அரசனோ வீதியில் பவனி வருவான். பெண்கள் அவனைக் கண்டு மயங்குவார்கள், வளை கழன்று விழும், மேனி மெலியும். அந்தப் பெண்களைப் பாட்டியல் நூல்கள் வயது வாரியாக ஏழாய்ப் பிரித்து வைத்திருக்கின்றன. 5 முதல் 7 வயது வரை பேதை, 11 வரை பெதும்பை, 13 வரை மங்கை, 19 வரை மடந்தை, 25 வரை அரிவை, 31 வரை தெரிவை, 40 வரை பேரிளம்பெண். அதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. நாற்பத்தைந்தைத் தொட்டுவிட்ட எனக்கு அந்த வீதியில் நிற்கவும் இடமில்லை.

வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். ஏழு பருவத்துப் பெண்களும் நகையும் உடையும் பூண்டு வருணிக்கப்படுகிறார்கள். ஆனால் உலாப் போகிறவன் ஒருவன்தான். அலங்காரம் இவர்களுக்கு, வீதி அவனுக்கு. உடுத்திக்கொள்வதும் உலாவுவதும் ஒரே ஆளுக்கு வாய்ப்பதற்கு வெகுகாலம் ஆகியிருக்கிறது.

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. மேற்கே சற்றுத் தள்ளிப் போனால் ஒட்டன்சத்திரம். பழனிக்குப் போகிற பாதை என்பதால் வழிப்போக்கர் தங்கிப்போகச் சத்திரங்கள் எழுந்த தடம் இது. இந்தப் பாதையில் பெண்கள் நடக்காமல் இல்லை. களை எடுக்க நடந்தார்கள், தண்ணீர் தூக்க நடந்தார்கள், தைப்பூசத்துக்குக் கூட்டத்தோடு கூட்டமாய்ப் பழனிக்கு நடந்தார்கள். 1772இல் கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார் இந்தத் தடத்தில்தான் விருப்பாட்சி கோபால நாயக்கரின் பாதுகாப்பில் தங்கியிருந்து தன் நாட்டை மீட்கத் திட்டமிட்டார். வேலைக்கு நடக்கலாம், சாமிக்கு நடக்கலாம், உயிர் தப்பவும் நடக்கலாம். காரணம் ஏதுமில்லாமல் நடந்தால்தான் சிக்கல். ‘ஊர் சுற்றி வந்தான்’ என்பதற்கும் ‘ஊர் சுத்துறா’ என்பதற்கும் இடையில் உள்ள தூரம் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

1872

இனி டோக்கியோவுக்கு வருவோம். மாணவி பார்த்த காணொளியில் இல்லாத டோக்கியோ.

மேலை நாடுகளைப் போல நவீனமாவது என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானிய அரசு முடிவெடுத்தது. 1871இல் ஆண்கள் பழைய குடுமியை எடுத்து முடியை வெட்டிக்கொள்ளலாம் என்று ஆணை வந்தது. அரசு அதை ஊக்குவிக்கவும் செய்தது. நாடு நவீனமாகிறது, நாமும் ஆவோம் என்று சில பெண்களும் முடியைக் கத்தரித்துக்கொண்டார்கள். 1872இல் டோக்கியோ நிர்வாகம் பெண்கள் தக்க காரணமின்றி முடியை வெட்டுவதைக் குற்றமாக்கியது. ஆணின் தலையில் நாட்டின் முன்னேற்றம் தெரிய வேண்டும், பெண்ணின் தலையில் நாட்டின் பழமை தெரிய வேண்டும் என்பது அதன் பொருள். இந்த வேலைப் பிரிவினையை நாம் எங்கோ பார்த்திருக்கிறோம். வேட்டியிலிருந்து பேண்ட்டுக்கு மாறிய நம் தாத்தாக்களைப் பண்பாட்டைக் கெடுத்தவர்கள் என்று யாரும் சொன்னதில்லை.

அதே 1872இல் டோமியோகா என்ற ஊரில் ஜப்பானிய அரசு பிரெஞ்சு இயந்திரங்களோடு பட்டு நூற்பாலை ஒன்றைத் திறந்தது. வேலைக்கு இளம்பெண்கள் தேவைப்பட்டார்கள். வெள்ளைக்காரர்கள் குடித்த சிவப்பு ஒயினைக் கண்டவர்கள், அங்கே போனால் பெண்களின் ரத்தத்தை உறிஞ்சிவிடுவார்கள் என்று வதந்தி கிளப்பினார்கள். அதனால் முதலில் பெண்கள் கிடைப்பதே பாடாக இருந்தது. வந்தவர்கள் விடுதியில் தங்கினார்கள்.

அதே 1872இல்தான் நம் பக்கத்து மலையில், கொடைக்கானலில், கோக்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி செங்குத்தான சரிவை ஒட்டி ஒரு நடைபாதை அமைத்தார். எங்கும் போய்ச் சேர்வதற்கான பாதை இல்லை அது. பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே சும்மா உலாவுவதற்காகப் போட்டது. மலையேறி வந்த வெள்ளைக்காரத் துரைமார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் மாலையில் காற்று வாங்கினார்கள். பல்லக்கும் டோலியும் சுமந்து அவர்களை மேலே ஏற்றியவர்கள் நம் ஆட்கள். கோக்கர்ஸ் வாக் என்ற அந்தப் பாதை இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும்.

1925

இந்த ஆண்டையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

1925 கோடைத் தொடக்கத்தில் கொன் வாஜிரோ என்ற ஆய்வாளர் டோக்கியோவின் நாகரிகக் கடைவீதியான கின்ஸாவில் நண்பர்களோடு நின்று போகிற வருகிறவர்களின் உடைகளை எண்ணினார். ஆண்களில் 67 விழுக்காட்டினர் மேலை உடையில் இருந்தார்கள். பெண்களில் 1 விழுக்காடு. நூற்றுக்கு ஒருத்தி! அந்த ஒருத்தியைப் பற்றித்தான் பத்திரிகைகள் ஓயாமல் எழுதின. ‘மாடர்ன் கேர்ள்’ என்பதைச் சுருக்கி ‘மோகா’ என்று பெயரிட்டு, கத்தரித்த முடியையும் குட்டைப் பாவாடையையும் கேலிச்சித்திரமாக வரைந்தார்கள். நாடு கெடுவதற்கு அவள்தான் காரணம் என்றார்கள். ஆக, என் மாணவியின் கேள்விக்கு முதல் பதில் இது: சொன்னார்கள். வீட்டிலும் சொன்னார்கள், நாடே கூடிநின்றும் சொன்னது.

அதே 1925இல் ஹொசோய் வகிஸோ என்பவர் ஜப்பானிய நூற்பாலைப் பெண்களின் துயர வரலாற்றை நூலாக வெளியிட்டார். தகப்பனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மகளை ஆண்டுக்கணக்கில் விடுதியில் பூட்டி வைத்த கதை அது. வெளியே போகத் தடை, கடிதங்களுக்குக் காவல், இரவு ஷிப்ட், காசநோய். ஹொசோயின் துணைவியும் ஆலைத் தொழிலாளிதான். அவருடைய அனுபவங்களும் அந்த நூலில் இருக்கின்றன. அட்டையில் இருப்பது கணவர் பெயர். நூல் வந்த கொஞ்ச நாளில் கணவர் இறந்துபோனார். துணைவி தகாய் தோஷியோ தன் கதையைத் தன் பெயரில் ‘என்னுடைய’ ஆலைப் பெண் வரலாறாக வெளியிட்டது 1980இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து.

இங்கே தமிழகத்தில் 1925 என்றால் சுயமரியாதை இயக்கம் தொடங்கிய ஆண்டு. ‘குடிஅரசு’ வெளிவரத் தொடங்கியதும் அந்த ஆண்டு மே மாதம். பெண்கள் முடியை வெட்டிக்கொள்ளட்டும், நகை பூட்டிய பொம்மையாக இருக்க வேண்டாம், ஆண்களைப் போல் எளிய உடை உடுத்தட்டும் என்று பெரியார் சொன்னார். டோக்கியோவில் குற்றமாகவும் பிறகு கேலியாகவும் இருந்த ஒன்று இங்கே ஒரு தலைவரின் வேண்டுகோளாக வந்தது. ஆனால் அதைக் கேட்டு எத்தனை பேர் முடியை வெட்டினார்கள்? இயக்கக் குடும்பங்களுக்கு உள்ளேயும் கைவிட்டு எண்ணிவிடலாம். சொத்துரிமையைக்கூட வாங்கிவிட முடிந்தது. கூந்தலைத்தான் தொட முடியவில்லை.

முடிச்சுகள்

என் அப்பத்தா ரவிக்கை போட்டு நான் பார்த்ததில்லை. பின்கொசுவம் வைத்துக் கட்டிய கண்டாங்கி, தோளில் இழுத்துப் போட்ட மாராப்பு, காதில் தண்டட்டி. கடலைக்காட்டில் குனிந்து நிமிர அதுதான் வசதி என்பார். என் அம்மா ரவிக்கை போட்டுப் பள்ளிக்கூடம் போன முதல் தலைமுறை. எங்கள் சமவெளியில் உடம்பை மூடாமலிருப்பது பாட்டிக்கு இழிவாக இருக்கவில்லை. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடுவதற்காகவே 1859 வரை அடியும் உதையும் பட்டுப் போராட வேண்டியிருந்தது. துணி கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான். எவ்வளவு என்று முடிவெடுத்தது யார் என்பதே கேள்வி.

அம்மாவின் நல்ல சேலைகள் சின்னாளபட்டியிலிருந்து வந்தவை. பட்டு வாங்க முடியாதவர்களுக்குப் பட்டின் மினுமினுப்பைக் கொடுத்த செயற்கைப் பட்டும், புள்ளி புள்ளியாய்ச் சுங்குடியும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியை நகக்கண்ணால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கி முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்டவை.

ஜப்பானில் இதே முறைக்குக் ‘கனோகோ’ என்று பெயர். மான்குட்டி என்று பொருள். குட்டியின் முதுகிலுள்ள வெள்ளைப் புள்ளிகள் போலிருப்பதால் வந்த பெயர். கியோட்டோவில் பணக்காரப் பெண்களின் கிமோனோவுக்காக இந்தப் புள்ளிகளை முடிந்தவர்களும் வீட்டில் அடைந்து கிடந்த பெண்கள்தான். ஒருவரையொருவர் அறியாத இரண்டு நாட்டுப் பெண்கள் ஒரே மாதிரி விரல் நுனி தேய்ந்து போனார்கள். யாரோ உடுத்தி உலாப் போகும் துணிக்காக.

கையில் ஒரு பத்திரிகை

1970இல் ஜப்பானிய ரயில்வே ‘டிஸ்கவர் ஜப்பான்’ என்று ஒரு விளம்பர இயக்கம் தொடங்கியது. சொந்த நாட்டைச் சுற்றிப் பாருங்கள் என்று சுவரொட்டிகள். அதே ஆண்டில் ‘ஆன்ஆன்’, அடுத்த ஆண்டில் ‘நொன்னோ’ என்று இளம்பெண்களுக்கான இரண்டு நவநாகரிகப் பத்திரிகைகள் வந்தன. உடைகளோடு ஊர்களும் அவற்றில் இருந்தன. எந்த ஊரில் எந்தத் தெரு அழகு, எங்கே காபி குடிக்கலாம், பெண்கள் எங்கே தங்கலாம் என்று எழுதினார்கள். அலுவலகங்களில் வேலை பார்த்த இளம்பெண்கள் சொந்தச் சம்பளத்தில் டிக்கெட் எடுத்து, பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, தனியாகவும் தோழியோடும் கியோட்டோ, காமகூரா, கனஸாவா என்று கிளம்பினார்கள். அதுவரை ஜப்பானில் சுற்றுலா என்றால் பெரும்பாலும் ஆண்கள் கூட்டமாகப் போய்க் குடித்துவிட்டு வருவது. இந்தப் பெண்களுக்கு ‘ஆன்நொன் கூட்டம்’ என்று கேலிப்பெயர் வைத்தார்கள். பெயர்தான் கேலி. வீட்டுக்கார ஆண் இல்லாமல் அறை கேட்டு வரும் பெண்ணைச் சந்தேகத்தோடு பார்த்த விடுதிகளும் மெல்ல மெல்ல அவர்களுக்காகத் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

உடுத்துவதும் உலாவுவதும் ஒரே ஆளின் கைக்கு வந்த தருணம் என்று இதைத்தான் நான் சொல்வேன். ஹராஜுகுவுக்கு முன்னால் நடந்தது இது. சொந்தச் சம்பளம், ரயில், வழிகாட்டும் பத்திரிகை, கூட ஒரு தோழி. மூன்றாம் நபரின் அனுமதி இந்தப் பட்டியலில் இல்லை.

அதே காலத்தில் நமக்கும் ஜப்பான் காட்டப்பட்டது. 1970 ஒசாகா கண்காட்சியில் படமாக்கப்பட்ட ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973இல் வந்தது. 1985 கண்காட்சியில் படமாக்கிய ‘ஜப்பானில் கல்யாணராமன்’ அந்த ஆண்டே வந்தது. எங்கள் ஊரார் டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து ஜப்பானைப் பார்த்தார்கள். தலைப்புகளைக் கவனியுங்கள். சுற்றியவன் வாலிபன், போனவன் கல்யாணராமன். உலா இலக்கியம் வண்ணத்திரைக்கு மாறியிருந்தது.

1985 என்றதும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நினைவில் வருவது வேறு படம். ‘பூவே பூச்சூடவா’. நதியா என்றொரு பெண் சைக்கிளும் சிரிப்புமாக வந்தாள். அதன் பிறகு நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை. எனக்கு ஆறு வயது. என் சித்தி திண்டுக்கல் கடைவீதியில் ஒரு ஜோடி பிளாஸ்டிக் கம்மலை வாங்கி, ஊர் எல்லை வரை போட்டுக்கொண்டு வந்து, வாசலில் கழற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். உள்ளே அவர் காதில் பழைய தோடு.

அந்தச் சமயத்தில் ஹராஜுகுவில் ‘தகெனோகோ கூட்டம்’ என்ற பதின்வயதுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்களை நிறுத்திவைத்த சாலையில் பளபளக்கும் தொளதொள உடையில் வட்டமிட்டு ஆடி ஓய்ந்திருந்தார்கள். அவர்களிலும் பின்னால் வந்தவர்களிலும், சாதாரண உடையில் வீட்டைவிட்டுக் கிளம்பி ஹராஜுகு வந்து மாற்றிக்கொண்டு, மாலையில் பழையபடி மாறி ரயில் ஏறியவர்கள் உண்டு. ரயில் நிலையக் கழிப்பறைதான் பல பேருக்கு ஒப்பனை அறை. என் சித்தியின் ஜாக்கெட்டும் அவர்களின் கைப்பையும் செய்த வேலை ஒன்றே.

கோக்கர்ஸ் வாக், 1998

நான் கல்லூரியில் படித்தபோது சுரிதார் எங்கள் பக்கம் பரவி முடிந்திருந்தது. பாவாடை தாவணியிலிருந்து சேலைக்குப் போக வேண்டிய வயதை அது கொஞ்சம் தள்ளிப்போட்டது. சைக்கிள் ஓட்டவும் பஸ்ஸில் தொங்கவும் உதவியது. ஆனால் ஷாலை இரண்டு தோளிலும் மடிப்பு வைத்து ஊக்கு குத்த வேண்டும். ஊக்கு இல்லாத ஷால் கெட்டுப்போன பெண்ணின் அடையாளம். பிறகு நைட்டி வந்தபோதும் அதன்மேல் ஒரு துண்டு ஏறியது. எந்த உடை வந்தாலும் மேலே ஒன்றைப் போட்டு அனுமதிப்பது நம் வழக்கம்.

1998இல் இரண்டாமாண்டு படித்தபோது கொடைக்கானலுக்கு டூர் போனோம். என் தோழி ஒருத்தி அண்ணனுடைய ஜீன்ஸைப் பையின் அடியில் மடித்துக் கொண்டு வந்திருந்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன். லாட்ஜ் குளியலறையில் மாற்றிக்கொண்டு, மேலே ஸ்வெட்டர் போட்டு வந்தாள். கூட வந்த ஆசிரியை பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்று நினைத்தால் அதுதான் அவர் எங்களுக்குச் செய்த பெரிய உபகாரம்.

கோக்கர்ஸ் வாக்கில் மஞ்சு இறங்கியிருந்தது. தோழி ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தாள். “பாக்கெட்ல கைய விட்டா எப்படி இருக்கு தெரியுமாடி? எதையும் தூக்க வேணாம்னு இருக்கு” என்றாள். என் இரண்டு கையும் ஷாலைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அங்கே படம் எடுப்பவர்கள் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு, முகவரி எழுதிக்கொண்டு, பிறகு தபாலில் அனுப்புவார்கள். நாங்கள் ஆளுக்கொரு பிரதிக்குச் சொன்னோம். அவள் வீட்டு முகவரியைத்தான் எழுதிக் கொடுத்தாள். அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு வீட்டைத் தவிர வேறு முகவரி ஏது? உறையைப் பிரித்தது அவளுடைய அப்பா. மூன்றாமாண்டு தொடங்கியபோது அவள் வரவில்லை. ஆவணியில் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்த அவள் அம்மா, “படிச்சது போதும்னுட்டாரு” என்று மட்டும் சொன்னார்.

படம் என்னிடம் இருக்கிறது. அதில் நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் கேமராவைப் பார்க்கிறோம். அவள் மட்டும் பள்ளத்தாக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கை பாக்கெட்டில்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1997இல், அவோகி ஷோயிச்சி என்ற புகைப்படக்காரர் ஹராஜுகு தெருவில் இளைஞர்களை, கூடுதலாகப் பெண்களை, அவர்கள் தைத்தும் ஒட்டுப்போட்டும் உடுத்திவந்த கோலத்தில் படமெடுத்து ‘ஃப்ரூட்ஸ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அந்தப் பெண்களின் வயதுதான் எங்களுக்கும். தெருவில் எடுத்த ஒரு படம் அங்கே பத்திரிகையில் வந்தது. இங்கே ஒரு படிப்பை நிறுத்தியது. ஒப்பிட்டு அழுவதற்காகச் சொல்லவில்லை. அந்த 1998இல்தான் ஹராஜுகுவின் ஞாயிற்றுக்கிழமை வாகனமற்ற சாலையும் மூடப்பட்டது. சத்தம், குப்பை, நெரிசல் என்று புகார்கள். எந்த ஊரிலும் வீதி நிரந்தரமாகக் கொடுக்கப்படுவதில்லை.

ஆணைகள்

அதன் பிறகு நம் பக்கம் வந்த ஆணைகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு ஜீன்ஸ், டி-ஷர்ட், கையில்லாத மேலாடை, இறுக்கமான உடை ஆகியவற்றைத் தடை செய்தது. 2015 இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு விதித்தது. பெண்கள் என்றால் சேலை, தாவணி அல்லது மேலாடையுடன் சுரிதார். 2016 ஜனவரி முதல் நாள் பழனி உட்படக் கோயில் வாசல்களில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த மாதமே மேல் அமர்வு அதை நிறுத்திவைத்தது. 2019இல் தமிழக அரசு ஊழியர்களுக்கான ஆணை சேலையோடு சுடிதாரையும் சல்வாரையும் அனுமதித்தது. துப்பட்டாவோடு!

ஆணைகள் ஆண்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டன. ஆனால் வாசலில் நிறுத்தப்படுவது யார் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் வடக்கத்தி உடை என்று ஒதுக்கப்பட்ட சுரிதாரே 2016இல் கோயில் பட்டியலில் மரபுடையாக நிற்கிறது என்பதையும் பாருங்கள். மரபு என்பது நேற்றுவரை திட்டு வாங்கிய உடைதான் பல நேரம்.

டோக்கியோவிலும் இதே கதை உண்டு. பல பள்ளிகளில் எல்லோருக்கும் முடி கறுப்பாக இருக்க வேண்டும். இயற்கையிலேயே பழுப்பு முடி உள்ள பிள்ளையும் கறுப்புச் சாயம் பூச வேண்டும். உள்ளாடையின் நிறம்வரை விதி. டோக்கியோ மாநகர அரசுப் பள்ளிகளில் இவை நீக்கப்பட்டது 2022 ஏப்ரலில்தான். ரயிலில் பெண்களைச் சீண்டும் ஆண்களுக்குப் பயந்து 2001 முதல் பெண்களுக்கென்று தனிப் பெட்டி ஓடுகிறது. வேலைக்குக் குதிகால் உயர்ந்த செருப்பு போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து 2019இல் இஷிகாவா யூமி இயக்கம் நடத்தினார். ரோஸ் முடிப் பெண்கள் உலாவும் அதே நகரம்தான் இது.

நூலும் விடுதியும்

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை விட்டால் வரலாறு பொய்யாகிவிடும். அந்தக் கடைகளில் தொங்கும் துணி எங்கிருந்து வருகிறது?

ரெட்டியார்சத்திரத்திலிருந்து வேடசந்தூர்ப் பக்கம் போனால் நூற்பாலைகள். 1990களிலிருந்து இந்தப் பக்கத்திலும் கொங்குப் பகுதியிலும் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மணமாகாத பெண்களை எடுத்தார்கள். மூன்று ஆண்டு வேலை, ஆலை விடுதியில் தங்கல், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. வெளியே போக அனுமதியில்லை, செல்பேசி கிடையாது, இடையில் நின்றால் பணமும் கிடையாது. டோமியோகாவுக்குப் பின் வந்த ஜப்பானியத் தனியார் ஆலைகளின் கதையை நூறாண்டு கழித்து நம் ஊரில் மறுபடி எழுதியது போலிருக்கும். அங்கே தகப்பனிடம் முன்பணம், இங்கே கல்யாணத்துக்குப் பின்பணம். இரண்டிலும் சம்பளம் அவள் கையில் இல்லை. ‘சுமங்கலி’ என்ற சொல்லை யார் தேர்ந்தெடுத்தார்களோ, மொழி தெரிந்தவர்கள். வேலைக்கு வந்த பெண்ணைத் தொழிலாளி என்று அழைக்காமலிருக்க இதைவிட மங்களமான சொல் கிடைக்காது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் தொழிற்சாலை நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகளும் ஒப்பந்தம் செய்தன. எச் அண்ட் எம் உள்ளிட்ட பெரிய வணிகப் பெயர்களும் தனியே கையெழுத்திட்டுக் கட்டுப்பட்டன. பாலியல் தொல்லைக்கும் சாதி இழிவுக்கும் எதிராகத் தொழிலாளர்களே கண்காணிக்கலாம், புகார் செய்யலாம், பழிவாங்கக் கூடாது. உலகம் இதைத் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே அழைக்கிறது. எச் அண்ட் எம் 2008இல் ஹராஜுகுவில் கடை திறந்த நிறுவனம். டோக்கியோ பள்ளிகளில் முடிச் சாய விதி நீங்கியதும், திண்டுக்கல்லில் இந்தக் கையெழுத்து விழுந்ததும் ஒரே மாதம். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர் வாங்கிய ஊர், பெண்களின் ஒரு ஒப்பந்தத்துக்கும் பெயராகியிருக்கிறது. என் மாணவிகளில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை. அவர்களில் சிலரின் அக்காள்கள் அந்த விடுதிகளில் இருந்தவர்கள்.

பதில்

பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சொன்னாங்க, பாப்பா. 1872இல் சட்டம் போட்டுச் சொன்னாங்க. 1925இல் கேலி பண்ணிச் சொன்னாங்க. அவங்க கழிப்பறையில உடை மாத்திக்கிட்டாங்க, உங்க சின்னப் பாட்டிமார் ஜாக்கெட்டுக்குள்ள கம்மலை வெச்சுக்கிட்ட மாதிரி. சொந்தச் சம்பளமும் ரயிலும் பத்திரிகையும் கையில வந்தப்போ சொன்னவங்க குரல் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. அவங்க உடுத்தினது தைரியத்தால மட்டும் இல்ல.

நமக்கும் ஒரு வாகனம் வந்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ‘விடியல் பயணம்’ என்று பெயர். வேலைக்குப் போகவும் படிக்கவும் என்றுதான் கொண்டுவந்தார்கள். ஆனால் ‘எதற்குப் போகிறாய்’ என்று நடத்துநர் கேட்பதில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஏறிச் சும்மா உட்கார்ந்து வரும் பெண்களை ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது பார்க்கிறேன். பலகாரம் கட்டிக்கொண்டு வந்த நடுவயதுப் பெண்கள்கூட. பேரிளம்பெண் பட்டியலைத் தாண்டியவர்கள்!

இந்தப் பதிலை அடுத்த வாரம் அதே பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். கோக்கர்ஸ் வாக் படத்தையும் காட்டினேன். செல்பேசி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்க இப்ப எங்க இருக்காங்க மேம்?”

“ஒட்டன்சத்திரத்துல. மார்க்கெட்ல காய்கறிக் கமிஷன் கடை. புருஷன் போன பிறகு அவதான் பாத்துக்கிறா.”

“சேலையா?”

“சேலைதான். மேல ஆம்பளச் சட்டை. பாக்கெட் வெச்சது. காசு போட.”

அவள் சிரித்தாள். நிறுத்தம் வந்தது. எழுந்தபோது செல்பேசியை எங்கே வைப்பாள் என்று பார்த்தேன். சுரிதாரின் பக்கவாட்டுத் தையலுக்குள் கை போனது. தையல்காரரிடம் சொல்லி வைத்துக்கொண்ட பாக்கெட். கூலி கொஞ்சம் கூடக் கேட்டாராம், கொடுத்தாளாம். இறங்கிய பிறகும் அந்தக் கையை அவள் வெளியே எடுக்கவில்லை.